சார் வைத்திருந்த துணி

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்ததும் குமட்டியது. ராஜபாளையத்தில் நான் படித்த, இப்போது இடித்துவிட்ட ஓட்டுப் பள்ளிக்கூடத்தில், தினமும் ஒரு வினோதமான இங்கிலீஷ் வார்த்தை, ஒரு பொன்மொழி, அன்று பிறந்த தலைவர் பெயர் என்று கரும்பலகையில் எழுதும் சாருக்கு, பொடி போட்டு மூக்கு சிந்தவும் பலகை துடைக்கவும் ஒரே துணிதான். ஓரமெல்லாம் காய்ந்து விறைத்து, நடுவில் மட்டும் பழுப்பாக ஈரம் இருக்கும். முந்தின நாள் வார்த்தையைக் கேட்கும்போது அர்த்தத்தோடு சொல்லாதவன்தான் அதை எடுத்துப் பலகை அழிக்க வேண்டும். பதில் தெரிந்தும் வாய் திறக்கக் கூச்சப்பட்டு, அந்தப் பிசுபிசுப்பை நானே தினமும் பிடித்தேன்.

ஒருநாள் அருவருப்புத் தாங்காமல், "ஹல்லபலூ சார், கூப்பாடு சார்" என்று கத்திவிட்டேன்.

"ஏலே, ஊமக்கோட்டான் பேசிட்டாம்லே," என்று பூரித்துப்போன சார், வியர்த்திருந்த என் முகத்தை அந்தத் துணியாலேயே, வாயையும் விடாமல், ஆசையாகத் துடைத்துவிட்டார்.