சேமக்கல மிஷினோடு பொகவந்தலாவைக்கு

மலைநாட்டுப் பக்கம் எப்படிப் போவது என்று பலரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஹட்டன், பொகவந்தலாவைப் பயணத்தை இன்று எழுதிவிடுகிறேன். போனது நேற்றோ முந்தாநாளோ இல்லை, அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம். கட்டணமெல்லாம் அன்றைய கணக்கு. இன்றைக்கு அந்தக் காசை நீட்டினால் கண்டக்டர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். ஆனால் பாதையும் வளைவுகளும் அப்படியேதான் இருக்கின்றன, குளிரும் அப்படியேதான்.

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், காரணம் போகப் போகத் தெரியும். கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்துவிட்டேன், செட்டியார் தெருப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன இரும்புக் கடை. அந்த வருஷம் என் வீட்டுக்காரர் நெருப்புக் காய்ச்சலில் படுத்து, பிழைப்பாரா மாட்டாரா என்று ஆகிவிட்டது. "ஆத்தா, இவரை எழுப்பிக் கொடு, உன் கோயிலுக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன்" என்று தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். மனுஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் கடிதம் வந்தது. அண்ணன் பெயர் சின்னையா, தோட்டத்து ஸ்டோரில் இஞ்சின் பார்ப்பவர். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கோயிலில் சேமக்கலம் அடிக்கும் கருப்பையாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், பூசை சத்தமே இல்லாமல் நடக்கிறது என்று எழுதியிருந்தார். கருப்பையா அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலரில் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அதற்கப்புறம் காலையும் மாலையும் கோயிலில் நின்று அந்த வெண்கலத் தட்டை அடிப்பதுதான் அவர் வேலை. ஒற்றைக் கையால் அந்த மனுஷன் இன்னும் எத்தனை நாளைக்கு அடிப்பார், பாவம் என்று எனக்குப் பட்டது. என் புத்தி எங்கே ஓடியது பாருங்கள், ஒரு மிஷின் செய்து கொடுத்துவிடலாம் என்று!

கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தவரிடம் சொன்னேன். இரண்டு மாதம் உயிரை வாங்கிவிட்டுக் கடைசியில் செய்து கொடுத்தார். ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து ஒரு பெல்ட், பெல்ட் சுற்றும் சக்கரத்தில் வரிசையாக இரும்பு முளைகள். சக்கரம் சுற்றச் சுற்ற முளை ஒரு சுத்தியைத் தூக்கிவிடும், சுத்தி விழுந்து சேமக்கலத்தை அடிக்கும். இன்னொரு சுத்தி பக்கத்தில் இருக்கும் முரசை அடிக்கும். சுவிட்சைப் போட்டால் போதும், ஆள் வேண்டாம். கோயிலுக்கு ஸ்டோரிலிருந்து கரண்டுக் கம்பி இழுக்க வேண்டும், தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேளுங்கள் என்று அண்ணனுக்கு எழுதினேன். கேட்ட அன்றே துரை சரி என்றுவிட்டாராம். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரருக்கு இன்னும் தெம்பு வராததால் தனியாகத்தான் கிளம்பினேன். கொழும்புக் கோட்டையில் காலை ஒன்பதே முக்கால் ரயில், மூன்றாம் வகுப்பு நாலு ரூபாய் எண்பது சதம், மிஷின் பெட்டிக்குத் தனியாக ஒன்றரை ரூபாய். ஹட்டனுக்கு நூற்றெட்டு மைல். நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கும், நீங்கள் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் இரண்டரைக்கு ஹட்டன். பஜாரில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் சுடச்சுட இரண்டு ரொட்டியும் சம்பலும் அறுபது சதம். பொகவந்தலாவை பஸ் மூன்றரைக்கு, பதினாறு மைல், தொண்ணூறு சதம்.

பஸ்ஸில்தான் முதல் அதிர்ச்சி. டிக்கோயா வரைக்கும் ஒன்றுமில்லை. அதைத் தாண்டி முதல் பெரிய வளைவில் பஸ் சாய்ந்ததும் பெட்டிக்குள்ளிருந்து "டாங்!" என்று ஒரு சத்தம். சுத்தியைக் கட்டிவைக்க மறந்துவிட்டேன்! யாரோ இறங்க மணி அடித்ததாக நினைத்து டிரைவர் பிரேக்கை ஒரு மிதி மிதித்தார், எல்லோரும் முன்னால் போய் விழுந்தோம். இறங்க ஆளில்லை. கண்டக்டர் சிங்களத்தில் கத்தினார், "மேக்கே மொகக்த தியென்னே?" உள்ளே என்ன இருக்கிறது என்கிறார். கோயில் மணி மாதிரி ஒன்று என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அடுத்த வளைவில் மறுபடியும் டாங். முன் ஸீட்டில் ஒரு அம்மா கும்பிட்டுக்கொண்டார். அந்த ரோட்டில் எத்தனை வளைவு என்று போனவர்களுக்குத் தெரியும். பொகவந்தலாவை வருவதற்குள் பாதி பஸ் கும்பிட்டது, மீதி பாதி என்னைத் திட்டியது. கடைசியில் கண்டக்டரே தன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துச் சுத்தியைக் கட்டினார். ஐந்து மணிக்கு இறங்கியதும் துண்டை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

பஜாரிலிருந்து தோட்டம் இரண்டரை மைல் ஏற்றம். அண்ணன் கொழுந்து லொறியோடு வந்திருந்தார், அதனால் நடை தப்பியது. நடக்கிறவர்கள் அட்டைக்கு உப்புத்துணி எடுத்துப் போங்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பகல் முழுக்க அண்ணன் கம்பி இழுத்து மிஷினைப் பொருத்தினார். சுவிட்சைத் தொடும் முன்னால் ஸ்டோர் வாசலில் இருக்கும் ரோதைமுனிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். சக்கரம் சுற்றும் எதற்கும் அந்த முனிதான் காவல், அவரைக் கேட்காமல் அங்கே யாரும் எதையும் ஓட்ட மாட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆட்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். துரையும் வந்தார். வெள்ளைக்காரர், இருபது வருஷம் தோட்டத்திலேயே இருந்து நம் தமிழைப் பேசுபவர். அவருக்கு ஒரு மாலை, எனக்கு ஒரு மாலை.

கோயில் பூசை செய்யும் பண்டாரம் கற்பூரம் ஏற்றினார், அண்ணன் சுவிட்சைப் போட்டார். அடேயப்பா, அது சத்தமா! அந்தச் சின்னக் கோயிலுக்குள் இடி விழுந்த மாதிரி இருந்தது. பண்டாரம் கற்பூரத் தட்டைக் கீழே போடப் பார்த்தார். நானே காதைப் பொத்திக்கொண்டேன். ஒரு சின்னப் பெண் ஓடும் சக்கரத்தைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டிவிட்டாள். எல்லோரும் ஆவென்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம், கருப்பையா அண்ணன் ஒருவர்தான் பாய்ந்து அவளைச் சட்டையோடு பிடித்து இழுத்தார்.

பூசை முடிந்ததும் துரை மிஷினைத் தட்டிக் கொடுத்தார். "மெத்த நல்ல மிஷின்," என்றார் என்னிடம். பிறகு ஆட்களின் பேரும் வேலையும் எழுதும் கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, அதே சிரிப்போடு, "நாளையிலேர்ந்து கருப்பையாவுக்குக் கோயில் பேர் இல்லே. மிஷின் வந்தாச்சு, ஆள் எதுக்கு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுத்தில் மாலை கிடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தப் பேர் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. ஒற்றைக் கையால் கொழுந்து பறிக்கவும் முடியாது, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் முடியாது என்றுதான் கருப்பையா அண்ணனுக்குக் கோயில் வேலையில் பேர் போட்டிருந்தார்கள். மனைவி இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். அது பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்த காலம். தோட்டத்திலும் பேர் இல்லை என்றால் இந்த மனுஷன் எந்த ஊர்க்காரன் என்று யார் சொல்வது?

அண்ணன் மேல் பாய்ந்தேன். "ஏண்ணே, இப்படி ஆகும்னு ஒரு வரி எழுதக்கூடாதா?"

"எனக்கு மட்டும் தெரியுமா புள்ள? கம்பி இழுக்கக் கேட்ட ஒடனே சரின்னாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்," என்றார். அவர் முகம் செத்துப் போயிருந்தது.

பண்டாரத்திடம் ஓடினேன். "ஐயா, மிஷினக் கழட்டிக் குடுத்துருங்க, நான் கொழும்புக்கே கொண்டு போயிடறேன்."

"கற்பூரம் காட்டியாச்சும்மா. ஆத்தாளுக்குக் குடுத்தத யாரு திருப்பி எடுக்கிறது?" என்றார் அவர். கேட்டதே பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கருப்பையா அண்ணன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அன்று யாரும் சோறு தின்னவில்லை.

காலையில் ஆறு மணிக்குப் பெரட்டு. துரை காலில் விழுவதென்று முடிவு செய்துகொண்டு நானும் போனேன். பெரட்டுக் களம் ஸ்டோருக்கு முன்னால்தான், பனி முழங்காலுக்குத் தவழ்கிறது. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு முடித்தார். கருப்பையா என்ற பேர் வரவே இல்லை. நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஒரு அடி வைப்பதற்குள் கருப்பையா அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"தொரைங்களே, ஒரு வார்த்த."

"என்னா?"

"அந்தப் போர்ட கணக்கப்பிள்ளை ஐயா படிக்கட்டும்." ஸ்டோர் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தகரப் போர்டு. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். கணக்கப்பிள்ளை துரையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தார்: "மிஷின் ஓடும்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாமல் எந்த மிஷினையும் ஓட்டக் கூடாது. துரை உத்தரவு."

"அது ஸ்டோர் மிஷினுக்கு," என்றார் துரை.

"கரண்டு ஸ்டோர்லேர்ந்துதானே வருது, தொரைங்களே. பெல்ட்டு ஓடுது, சக்கரம் சுத்துது. நேத்து ஒரு புள்ள கைய விடப் பாத்துச்சு, தொரைங்களும் பாத்தீங்க. எந்த மிஷினும்னு தொரைங்க எழுத்துல இருக்கு. கோயில் மிஷினுக்கு யாரு நிக்கிறது?"

பெரட்டில் துரையைத் திருப்பிக் கேட்ட ஆளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். துரையின் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. போர்டைப் பார்த்தார், மிஷினை நேற்று மெச்சிய தன் வாயை நினைத்தாரோ என்னவோ, என்னையும் ஒரு முறை முறைத்தார். கைத்தடியால் பூட்ஸைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "கணக்கப்பிள்ளை. கோயில் மிஷின், ஆள் ஒண்ணு. கருப்பையா. பேர் போடு," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று பங்களாப் பக்கம் நடந்துவிட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பும் வழி: பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குக் காலை ஒன்பதே காலுக்குப் பஸ், அதைப் பிடித்தால் கொழும்பு ரயிலுக்கு நேரம் தாராளமாக இருக்கும். டிரைவர் பக்கம் உட்காராதீர்கள், பள்ளம் அந்தப் பக்கம்தான், தலை சுற்றும். இஞ்சி டொபி வாங்கிக்கொள்ளுங்கள். மாசியில் மழை குறைவு, ஆனால் விடியற்காலை விரல் விறைத்துப் போகும். கோயிலுக்கு ஏதாவது செய்து கொடுப்பதாக இருந்தால் அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள், அவரிடமே போய்க் கேளுங்கள். நான் ஊரையே கேட்டேன், அந்த ஒரு ஆளை மட்டும் கேட்கவில்லை. என் அவசரப் புத்தியை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கருப்பையா அண்ணன் காலைப் பூசைக்கு மிஷின் பக்கத்தில் நின்றுவிட்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"கெட்ட எண்ணத்துல செய்யலண்ணே," என்றேன். "ஆமா, எங்க யாருக்கும் தோணல, அந்தப் போர்டு ஒங்களுக்கு எப்படி ஞாபகம் வந்துச்சு?"

"என் கை போன மறுநாளு மாட்டுனாங்க, தங்கச்சி," என்றார். "அன்னிக்கு ரோலர நிறுத்தப் பக்கத்துல ஆளில்ல. அப்புறந்தான் தொரை அத எழுதிப் போட்டாரு. ஒம்பது வருசமா தெனம் பெரட்டுல நின்னு அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நான் கை குடுத்து வாங்குன போர்டு, இன்னிக்குத்தான் எனக்கு ஒதவுச்சு."

பஸ் வந்துவிட்டது. பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.