சல்லடையும் அணுச் சட்டமும்

“பொய் சொல்லணும்னா பியூட்டி பார்லர் போறேன்னு சொல்லியிருப்பேன் அத்தை. அணுச் சட்டம் படிக்கப் போறேன்னு உலகத்துல எவளாவது பொய் சொல்லுவாளா?”

என் மருமகள் காலங்காத்தாலே இப்படிக் கத்தினாள். அவள் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்ததால் நான் இரண்டடி தள்ளி நின்றே பதில் சொன்னேன்.

“எவளும் சொல்ல மாட்டாங்கிறதாலதான் நீ சொல்றே. கிழவி நம்பிடுவான்னு.”

நான் நம்பவில்லை. நம்புவதற்கு அதில் என்ன இருந்தது? ஐந்து நாள் வகுப்பாம். பெரிய ஓட்டலில் நடக்குமாம். சாப்பாடு, டீ எல்லாம் சும்மாவாம். உலக நாடுகளுக்குப் பொதுவான அணுச் சட்டத்தை அங்கே சொல்லித் தருவார்களாம். இவள் வேலை பார்ப்பதோ குழாய்க் கம்பெனியில். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடிப்பது போல, அங்கே இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்த இடத்தைப் படம் பிடிப்பார்கள். உள்ளே ஓட்டை விரிசல் இருந்தால் தெரிந்துவிடும். அதற்குக் கதிர்வீச்சுப் பொருள் அடைத்த கனமான பெட்டிகள் நாலு வைத்திருந்தார்கள். இவள் அங்கே டெலிபோன் எடுக்கப் போனவள். பிறகு ஆபீஸ் வேலை முழுவதும் இவள் தலையில் விழுந்தது. அந்த மேனேஜர் ஒரு குண்டூசி கொடுத்தாலும் திருப்பிக் கேட்கிற ஆள். அவன் இவளை ஓட்டலுக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த முதல் வாரமே கடைக்காரனிடம், “தராசைத் திருப்பி வைங்க, முள்ளு எனக்குத் தெரியணும்” என்றாள். அன்றைக்கே என் வீட்டுக்காரர் அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தார், பெயர் நின்றுவிட்டது. நான் கேஸை மூடினால் என் கண் முன்னாலேயே வந்து மறுபடி மூடுவாள். இதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா ஒரு சிநேகிதனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, குடியிருந்த வீட்டையே தொலைத்தவர். பத்து வயதில் பாயும் பாத்திரமுமாக இவள் தெருவில் நின்றிருக்கிறாள். யாராவது பேனாவை நீட்டினால் இவளுக்கு முகம் சுருங்கிவிடும். அது தப்பில்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு சந்தேகக்காரிகள் இருப்பது கஷ்டம்.

மூன்றாம் நாள் நான் பஸ் ஏறி அந்த ஓட்டலுக்கே போனேன். போர்டு படிக்கத் தெரியாததால் வாசல் காவலாளியிடம் கேட்டேன். அவன் மாடியில் ஒரு கண்ணாடிக் கதவைக் காட்டினான். எட்டிப் பார்த்தால் உள்ளே கோட்டும் டையுமாகப் பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு சின்னக் கொடி. எந்த நாட்டுக் கொடியும் இல்லை, ஆளுக்கொரு கற்பனை நாடாக நடித்துப் படிக்க இவர்களே வர்ணம் அடித்தது. என் மருமகள் பச்சைக் கொடியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வழுக்கைத் தலையர் எழுந்து, “எங்க அணு உலைல சின்னக் கோளாறுதான். காத்து உங்க பக்கம் வீசவே இல்லை” என்றார்.

“வீசலைன்னு நீங்க சொன்னா போதுமா?” என்றாள் இவள். “எப்ப நடந்துச்சு? எங்களுக்கு ஏன் உடனே சொல்லலை? எங்க ஆள் வந்து அளந்து பார்க்கணும்.”

“எங்க வார்த்தைல நம்பிக்கை இல்லையா?”

“இல்லை.”

பாடம் நடத்திய அம்மாள் கைதட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் என்னோடு போடும் சண்டையைத்தான் இவள் இங்கே நாட்டோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

டீக்கு வெளியே வந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

“வேவு பார்க்க வந்தீங்களா?”

“கால் வலிச்சுது. உட்காரலாம்னு வந்தேன்.”

“மூணு பஸ் மாறி வந்து உட்கார்றதுக்கு?”

என்னை முறைத்துக்கொண்டே ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்துக் கொடுத்தாள். சரி, வகுப்பு நிஜம்தான். ஆள் விவகாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மேனேஜர் இவளை ஏன் அனுப்பினான்? இரவு சாப்பிடும்போது கேட்டே விட்டேன்.

“நானும் மூணு நாளா அதையேதான் யோசிக்கிறேன் அத்தை” என்றாள். முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டோம்.

விஷயம் இதுதான். இந்த மாதிரிப் பெட்டி வைத்திருக்கிற இடத்தில், அதற்குப் பொறுப்பாளர் என்று ஒருத்தர் பெயரை அரசாங்கத்திடம் பதிய வேண்டும். சட்டம் படித்தவராக இருந்தால் நல்லது. முன்னால் இருந்த பொறுப்பாளர் ஒரு நாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். வழியனுப்பும் டீ கூடக் கிடையாது. இனி அந்த இடத்தில் இவள் கையெழுத்து.

“நல்லதுதானே, சம்பளம் ஏறும். போட்டுடு” என்றான் என் மகன்.

“பெட்டி ஒண்ணு குறைஞ்சா என்னைத்தான் பிடிப்பாங்க. ஜெயிலுக்கு நீங்க போறீங்களா?”

அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

வகுப்பு முடிந்து ஆபீசுக்குப் போன அன்றைக்கே மேனேஜர் காகிதத்தையும் பேனாவையும் நீட்டியிருக்கிறான். நடந்ததைச் சாயங்காலம் எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

“இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்.”

“பெட்டியைப் பார்த்துட்டுப் போடறேன் சார்.”

“நாலு பெட்டி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

அறையைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். மூன்றுதான் இருந்தது. நாலாவது வேலை நடக்கிற இடத்துக்குப் போயிருக்கிறது என்றானாம். எந்த இடம் என்று இவள் கேட்க, அவன் தண்ணீர் குடித்தானாம்.

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

“அஞ்சு நாளா அதைத்தான் சார் சொல்லிக் கொடுத்தாங்க. நீங்கதானே அனுப்பினீங்க?”

அவன் கணக்கு தப்பிப்போனது அங்கேதான். கையெழுத்துப் போடுவதற்கு ஒரு தகுதி வேண்டும் என்று அனுப்பினான். அந்த ஆபீசிலேயே எதையும் நம்பாத ஒருத்தியைப் பொறுக்கி எடுத்து, நம்பாதே என்று சொல்லித்தருகிற இடத்துக்கு அனுப்பினான்.

டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்தாள். ஊருக்கு வெளியே, காண்டிராக்டர் பாதியில் விட்டுவிட்டுப் போன ஒரு குழாய் வேலை. என் மகன், “வம்பு வேண்டாம், எனக்குக் காய்ச்சல்” என்று படுத்துக்கொண்டான். நான் கிளம்பினேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் இவள் தனியாகப் போய் எதிலாவது கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்கிற பயம்தான்.

அங்கே தகரக் கொட்டகை ஒன்று. வாசலில் ஒரு வாட்ச்மேன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்தது நாங்கள் தேடி வந்த மஞ்சள் பெட்டி மேல். சாக்கை நாலாக மடித்து மெத்தை வேறு போட்டிருந்தார்.

“ஐயா, கொஞ்சம் எந்திரிங்க” என்றாள். குரலே மாறிவிட்டது.

“ஏம்மா, உங்க பெட்டியா? நல்லாத் தாங்குது. ஆடவே ஆடாது.”

அவரையும் என்னையும் தள்ளி நிற்க வைத்துவிட்டு, ஆபீசிலிருந்து கொண்டுவந்த, கதிர்வீச்சை அளக்கிற கருவியோடு கிட்டே போனாள். அது டிக் டிக்கென்றது. போன உயிர் எனக்குத் திரும்பி வர நேரம் பிடித்தது. சுற்றிச் சுற்றி அளந்தாள். உள்மூடி பத்திரமாக இருந்தது, கசிவு இல்லை. வெளிப்பூட்டுதான் இல்லை.

“எனக்கு ஏதாவது ஆயிடுமா தாயி?” என்றார் வாட்ச்மேன். வாய்ச் சோற்றை விழுங்கவே இல்லை.

“இப்ப காட்டுற அளவு கம்மிதான். ஆனா நீங்க நாள்பூரா இதுலயே உட்கார்ந்திருக்கீங்க. நான் சொன்னேன்னு நம்பிட்டு இருந்துடாதீங்க. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.”

பிறகு அங்கே நின்றபடியே அரசாங்க ஆபீசுக்குப் போன் போட்டாள். மேனேஜருக்கு அப்புறம்தான். அவன் கத்தியது எனக்கே கேட்டது.

“வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துட்டீங்களே!”

“பெட்டி தெருவுலதான் சார் இருந்துச்சு.”

அதிகாரிகள் வந்தார்கள், பெட்டி அறைக்குத் திரும்பியது. விசாரணை முடிகிறவரை கம்பெனியைப் பூட்டினார்கள். சம்பளம் நின்றது என்று கூட வேலை பார்த்தவர்கள் இவள் முகத்தில் முழிக்கவில்லை. வேலை போய்விடும் என்றே நான் நினைத்தேன். போனது மேனேஜர்தான். வாட்ச்மேனை இரண்டு ஆஸ்பத்திரியில் காட்டினாள், ஒன்றும் இல்லை என்றார்கள். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

கம்பெனியை மறுபடி திறந்ததும், புதிதாக வந்த மேனேஜர் அதே மாதிரிக் காகிதத்தை நீட்டினார். நாலு பெட்டியையும் தொட்டு எண்ணி, ஒவ்வொன்றையும் அளந்து, கம்பெனி கொடுத்த பூட்டை இழுத்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல் என்னோடு கடைக்கு வந்தாள். ஆறு பூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைக்காரர், “அம்மா, வாங்குறீங்களா, திருடிப் பழகுறீங்களா?” என்று கேட்கிற வரைக்கும் விடவில்லை. கடைசியில் ஒன்றை வாங்கிப் பெட்டி அறைக்கு மாட்டிவிட்டு அன்றைக்கே கையெழுத்தும் போட்டாள். பூட்டோடு வந்த சாவி இரண்டு. ஒன்று ஆபீஸில் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன், சொல்லவில்லை. அலமாரியிலும் தேடிவிட்டேன். பூட்டு விலை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.