பூஜையில் இருந்த ஸ்பேனர்

விஜயதசமியன்று காலை எட்டு மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் காஞ்சிபுரம் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினோம். மகள் நிர்மலாவைக் கல்லூரி விடுதியில் விட வேண்டும். டிக்கெட் ஆளுக்கு ஆறு ரூபாய். ஆயுத பூஜைக்காகச் சக்கரம் வரை புதுப் பெயிண்ட். சக்கரத்தின் ஒவ்வொரு நட்டிலும் சந்தனம், குங்குமம். எங்களுக்குப் பின்சக்கரத்துக்கு மேலேதான் இடம் கிடைத்தது.

முடிச்சூர் தாண்டியதும் காலடியில் டக், டக் என்று சத்தம். மண்ணிவாக்கத்தில் அது வலுத்தது. கண்டக்டரிடம் சொன்னேன்.

"நேத்துதான் நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிகினு வந்த வண்டிம்மா. ஒண்ணியும் ஆவாது, குந்தும்மா."

முன் இருக்கைக்காரர் சிரித்தார். நிர்மலா என் முந்தானையை இழுத்தாள். உட்கார்ந்தேன்.

படப்பைக்குச் சற்று முன் பஸ்ஸின் பின்பக்கமே ஆடியது. எழுந்து, "நிறுத்துங்க!" என்று கத்தினேன். டிரைவர் முணுமுணுத்தபடி ஓரங்கட்டி இறங்கினார். பின்சக்கரத்து நட்டை விரலால் தொட்டார். அது பம்பரமாகச் சுழன்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"புது பெயிண்ட் மேலயே வீலை மாட்டிகிறானுங்க. ஓட ஓட பெயிண்ட் நசுங்கி நட்டு லூஸாயிடும். கொஞ்ச தூரம் போனதும் திருப்பி டைட் பண்ணணும்."

"தெரிஞ்சும் ஏன் பண்ணலை?"

"ஸ்பேனர் ஷெட்ல பூஜையில கீதும்மா. மத்தியானம்தான் எடுக்கலாம்."

"அப்ப பஸ்ஸை மட்டும் எப்படி எடுத்தீங்க?"

"வண்டிக்கு பூஜை முடிஞ்சிடுச்சே!" என்றார் கண்டக்டர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

வெயிலில் நின்று லாரிகளை மறித்தோம். முதல் இரண்டு லாரிக்காரர்களின் ஸ்பேனர்களும் பூஜையில்தான் இருந்தன. மூன்றாவது லாரியின் கண்ணாடியில் சிலுவை தொங்கியது. ஸ்பேனரும் ஜாக்கியும் இருந்தன. சக்கரத்தைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, திரும்ப மாட்டி முறுக்கினார்கள். "உங்களாலதாம்மா லேட்டு" என்று முன் இருக்கைக்காரர் என்னைத்தான் கடிந்துகொண்டார்.

ஒரகடம் வரை லாரியும் கூடவே வர வேண்டும் என்று அடம் பிடித்தேன். "அக்கா சொல்றது கரெக்ட்பா. திருப்பி ஒரு தபா பாத்துடலாம்" என்றார் லாரிக்காரர். ஒரகடத்தில் மறுபடி முறுக்கியபோது மூன்று நட்டுகள் இன்னும் கொஞ்சம் இறுகின.

பகல் பன்னிரண்டுக்கு நிர்மலாவை விடுதியில் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை அவள் இதே சாலையில் தனியாக வர வேண்டும். சத்தம் கேட்டால் இறங்கிவிடு என்றேன். நடுவழியில் ஒரு பெண் எங்கே இறங்குவாள் என்று கேட்டாள்.

திரும்பும் பஸ்ஸும் புதுப் பெயிண்டில் பளபளத்தது. ஏறுமுன் பின்சக்கரத்தருகே குனிந்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். விரலெல்லாம் குங்குமம். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இருப்பா, அம்மா சாமி கும்பிடுறாங்க" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

நான் மறுக்கவில்லை. மறுபக்கத்துச் சக்கரத்துக்கும் போனேன்.