எனக்கு மட்டும் துரியன்

துரியன் பழத்தைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் மாவுச்சத்து இருக்கிறதாம், கொழுப்பு இருக்கிறதாம், உடம்புக்கு வலுவாம். இருந்துவிட்டுப் போகட்டும், அந்த வலுவை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அழுகிப்போன வெங்காயத்தின் மேல் வெல்லப்பாகை ஊற்றி மூடிவைத்த மாதிரி ஒரு நாற்றம். அதை வாயில் வைத்து விழுங்கி, மறுநாள்வரை ஏப்பத்திலும் முகர்ந்தவள் நான். சீ!

ஐம்பதுகளின் கடைசியில் நான் தென்காசியில் வாழ்க்கைப்பட்டேன். இரண்டு வருஷம் போயும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குக் கோயில்களை விட்டால் துரியன்தான். குற்றாலத்து மலைத்தோட்டங்களில் அந்த மரம் கொஞ்சம்தான் உண்டு. பூ விடும்போதே பழக்கடையில் சொல்லிவைக்க வேண்டும். ரத்தம் ஊறும், கர்ப்பப்பைக்குச் சூடு ஏறும், நரம்பு முறுக்கேறும் என்று ஆளுக்கொரு குணம் சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் அதை நாக்கில்கூட வைத்துப் பார்த்ததில்லை.

சாரல் தொடங்கியதும் மாமியார் எங்கள் இருவரையும் குற்றாலத்துக்குக் கிளப்பிவிடுவார், தானும் கூடவே வருவார். அருவியில் குளித்த ஈரத் தலையோடு, வெறும் வயிற்றில் தின்றால்தான் பலிக்கும் என்பது அவர் நம்பிக்கை. எண்ணெய்ப் பிசுக்கும் ஈரச் சேலையும் ஒட்டிக்கொண்டு கிடக்க, கடை வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்பேன். கடைக்காரர் முள்ளுத் தோட்டை அரிவாளால் பிளப்பார். நாற்றம் குப்பென்று கிளம்பும். என் வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மிட்டாய்க் கடைப்பக்கம் ஒதுங்கிவிடுவார்.

முதல் வருஷமே கடைக்காரர் சொன்னார். "ஆச்சி, இது ரெண்டு பேரும் சேந்துல்லா திங்கணும்."

"என் மகனுக்கு என்னவே கொறை? நீரு ஒம்ம வேலையப் பாரும்" என்றார் மாமியார்.

அதோடு பேச்சு முடிந்தது. வழவழவென்று சளி மாதிரி இருந்த சுளையை எடுத்து என் வாயருகே நீட்டினார். நான் ஓங்கரித்தேன். "மூச்சைப் பிடிச்சிட்டு முழுங்குட்டி. இதையே வாந்தி எடுத்தா பிள்ளை எப்படித் தங்கும்?" குளித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பழம் தின்கிறவளுக்கு என்ன குறை என்று அங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது சீசனில் மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் ஒண்ணுமில்லேன்னா, சுரண்டைல எங்க அண்ணன் மக சும்மாத்தான் இருக்கா." இன்னொருத்தி வந்துவிட்டால் அந்த வீட்டில் எனக்கு அடுப்படிதான். அந்தப் பயத்தில் தின்றேன். அந்த வருஷம் என் வீட்டுக்காரரே ஒரு பழத்தைச் சாக்கில் சுற்றி வீட்டுக்கும் கொண்டுவந்தார். காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு சுளை. நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும்போது வாசல்படியில் நின்றபடியே, "இன்னொண்ணு தின்னு, நல்லதுதானே" என்பார். பக்கத்தில் வர மாட்டார், நாற்றம் ஆகாதே அவருக்கு!

வயிறு கெட்டுப்போய், ஊரில் கணவனும் மனைவியுமாக வைத்தியம் பார்த்த டாக்டர் வீட்டுக்குப் போனேன். டாக்டரம்மா என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அது சாப்பாடும்மா, மருந்தில்லை" என்றார். "சக்கரை, மாவு, கொழுப்பு, கொஞ்சம் வைட்டமின். இளைச்ச உடம்பு தேறும். பிள்ளையெல்லாம் அதுல வராது."

என்னைப் பரிசோதித்துவிட்டு, எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு என் முகத்தையே பார்த்தார். "போன வருஷமே உன் வீட்டுக்காரரை எங்க வீட்டுக்காரர் சோதிச்சுப் பாத்தாரே. அவரால ஆகாதுன்னு விளக்கமா சொல்லியாச்சு. உன்கிட்ட சொல்லலையா?"

போன வருஷம்! அப்படியென்றால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். தெரிந்துகொண்டுதான் இன்னொன்று தின்னச் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் காறித் துப்பிக்கொண்டே வந்தேன். அது பழத்தின் கசடு இல்லை.

வீட்டில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். காலையில் நான் தின்னாமல் போன சுளையை மாமியார் தட்டில் வைத்து நீட்டினார். அதை வாங்கி அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னைக்கு நீங்க தின்னுங்க. டாக்டரம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அவர் முகம் வெளிறிப்போனது. சுளையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, தொண்டை ஏறி இறங்கியது.

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒனக்கு எதுக்குலே இது?" என்று மாமியார் கத்தினார்.

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னால் புருஷன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ருசி எப்படி இருக்குன்னு பாத்தேம்மா" என்றார்.

அன்று சாயங்காலமே, எனக்கு இவளே போதும், சுரண்டைப் பேச்சை இனி எடுக்காதீர்கள் என்று தாயாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மலடியைத் தள்ளிவைக்காத தங்கமான மனுஷன் என்று தெருவே அவரைக் கொண்டாடியது. என்னிடமும் வந்து, "ஏட்டி, நீ கொடுத்து வச்சவ" என்றார்கள்.