அரி கிடந்த வரப்பு

விடியற்காலையில் எங்கள் ரோட்டில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், அதற்குப் பயிற்சி. தார் ரோட்டில் ஷூ தட்டும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். “பசங்கதான், படுங்க” என்பாள் என் மனைவி. அதற்குமேல் எனக்குத் தூக்கம் வராது.

நானும் ஒரு வாரம் அப்படி ஓடிப் பழகியவன்தான். ஷூ இல்லை, ரோடும் இல்லை. வரப்பில்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். கீழ்வேளூருக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் எங்கள் தெரு. சென்னையில் புது ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ரோட்டோரக் கொடிக்கம்பங்களில் துணி மாறியிருந்தது. அறுப்புக் கூலி மாறவில்லை. கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்டு எங்கள் சங்கம் அறுப்பை நிறுத்தியது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்கிறேன் என்றார் மிராசுதார். இந்த இழுபறியில் ஒரு நாள் பண்ணையின் வைக்கோல் போர் எரிந்தது. என் அண்ணன் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். ஆனால் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவர் அவர்தான் என்பதால் கேஸ் அவர்மேல் விழுந்தது.

அதற்கு முன்பு எங்கள் தெருவிலிருந்து ஸ்டேஷனுக்குப் பிடித்துப்போனவர்கள் திரும்பி வந்தபோது நிமிர்ந்து நடக்கவில்லை. அண்ணனை வக்கீலோடு நேராகக் கோர்ட்டில் நிறுத்திவிட வேண்டும், அதுவரை போலீஸ் கையில் சிக்கக் கூடாது என்று சங்கத்தில் பேசி முடித்தார்கள். வடிகால் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள ஊரில் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரத் தச்சர் இருந்தார். அவர் வீட்டில் அண்ணன் ஒளிந்திருந்தார்.

ஜீப் எப்போது வந்தாலும் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வரும். வீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு, பிறகு சுற்று ஊர்களில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் வீடாகப் போகும். ஆற்றைத் தாண்ட ஜீப்புக்குப் பாலம் வேண்டும். ரோடு வெகுதூரம் சுற்றிப் போகிறது. வயலில் குறுக்கே ஓடினால் ஒருவன் முந்திவிடலாம். அந்த ஒருவன் நான் என்று அண்ணி சொன்னார்.

“நான் வேணாம் அண்ணி. எனக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாது. நான் மேக்கால மாடு மேய்க்கிறவன். தைரியமும் கெடையாது.”

“தைரியத்த யாரு கேட்டா? காலு இருக்குல்ல. நானே ஓடிருவேன், உன்னவிட வேகமா. ஆனா அவங்க வந்ததும் பொண்டாட்டி எங்கன்னுதான் கேப்பாங்க. நீ எங்கன்னு எவன் கேக்கப்போறான்? நீ இந்தத் தெருவுல இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது தம்பி.”

அது உண்மைதான். ஐந்தாவது வரை படித்தபோதே வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டால் மற்ற பிள்ளைகள் திரும்பி, யார் அது என்று பார்ப்பார்கள்.

மறுநாள் விடியலில் அண்ணி நண்டு பிடிக்கிற சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால். மார்கழிப் பனி, பக்கத்து வயல் தெரியவில்லை. நெல் இடுப்புக்குமேல் விளைந்து தலை சாய்ந்து கிடந்தது. அந்த வயல்களில் நட்டு, களை பறித்து, அறுத்தவர் அண்ணி.

“மரத்தப் பாத்து வெச்சுக்காத, பனியில தெரியாது. காத வெச்சுக்க. இந்தா, மதகுல தண்ணி விழுவுதா? இங்க கெழக்கால திரும்பணும். அப்புறம் வரப்பு காலுக்கு நறநறன்னு இருக்கும், மணல் திடலு. அது முடிஞ்சா தாழம்புதரு. கையில முள்ளு கீறுனா சரியான வழி. கீறலன்னா தப்பான வழி.”

எல்லாவற்றுக்கும் மேலாக ரயில். நாகப்பட்டினம் போகிற காலை ரயில் கீழ்வேளூர் ஸ்டேஷனை விடும்போது ஊதும். போகும்போது அந்தச் சத்தம் இடது காதில் விழ வேண்டும். முன்னால் கேட்டாலும் பின்னால் கேட்டாலும் நான் தொலைந்துவிட்டேன் என்று அர்த்தம்.

முதலில் நடந்தோம். பிறகு ஓட்டம். ஒரு சாண் வரப்பில் ஓடுவது என்றால் ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகால் விழ வேண்டும். விழுந்து எழுந்து சேறாகத்தான் வீடு திரும்புவேன். நெல்லுக்குள் எது சரசரத்தாலும் விரியன் என்று நிற்பேன். ஆற்றின் குறுக்கே போட்டிருந்த தென்னைமரத் தண்டு பனியில் வழுக்கும். அதன்மேல் நான் உட்கார்ந்து நகர்ந்துபோனதைப் பார்த்து அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஜீப்பு மெதுவா வரட்டும்னு சொல்லி அனுப்பட்டா?”

வாரத்தின் நடுவில் தனியாக ஓடச் சொன்னார். அன்றுதான் பனிக்குள்ளிருந்து பண்ணைக் காவல்காரரின் இருமல் கேட்டது. அவர் கையில் எப்போதும் அரிவாள் இருக்கும். நான் அப்படியே வரப்போரம் குந்திவிட்டேன்.

“யார்ரா அது?”

“வெளிக்கு வந்தேங்க.”

“ஒங்கூருல எடமில்லாமயா இவ்ளோ தூரம் வந்தே?”

அவர் காறித் துப்பிவிட்டு நகர்ந்தார். அவர் இருமல் தேய்ந்து மறைந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது மதகு எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிருந்தது. ரயில் ஊதிய பிறகுதான் வீடு வந்தேன்.

ஜீப் வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொல்லையில் நின்று கோழியைக் கூப்பிடுவேன் என்றார் அண்ணி.

“நம்மகிட்ட கோழி ஏது அண்ணி?”

“அது போலீசுக்குத் தெரியுமா?”

அண்ணனுக்கும் இந்த ஏற்பாட்டைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வாரக் கடைசியில் மிராசுதார் சொன்னபடியே செய்தார். லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். போலீஸ் காவலோடு கிழக்கு வயல்களில் அறுப்பு நடந்தது. எங்கள் தெருவில் யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. அறுப்பு நிறுத்தியவர்கள் அந்த வயலில் நின்றால் அதுவே ஒரு கேஸ். தூரத்தில் நெல் விழ விழ, என் மறைவு போகிறதே என்றுதான் பயந்தேன். தடம் போகும் என்று தோன்றவில்லை.

அதற்கடுத்த விடியலில் அண்ணி கோழியைக் கூப்பிட்டார்.

“பா... பா... பா...”

தெருமுனையில் ஜீப் கதவு அடைக்கும் சத்தமும் கேட்டது. நான் கொல்லை வேலியைத் தாண்டி ஓடினேன். மதகுவரை சரியாகப் போனேன். கிழக்கே திரும்பினேன். வரப்பில் கால் வைக்கப்போய் நின்றுவிட்டேன்.

வரப்பு முழுக்க நெல். வயலில் ஈரம் இருந்ததால் அறுத்த அரிகளை வரப்பின்மேலேயே பரப்பி வைத்திருந்தார்கள். கதிரோடு, வரப்பு மறையும்படி.

நெல்லை மிதிக்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கால் தானாக விலகும். தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அண்ணனைப் பிடிக்க ஜீப் வந்திருக்கிறது, நான் அரியை மிதிக்காமல் வயலில் இறங்கினேன். அறுத்த நெல்லின் அடித்தாள் ஊசிபோலக் காலில் ஏறியது. அடுத்த வரப்புக்குப் போனேன், அதிலும் அரி. அதையும் சுற்றினேன். ஒரு கதிர் காலில் பட்டது. நின்று, குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். நிமிர்ந்தபோது எல்லாப் பக்கமும் பனி. தண்ணீர் சத்தம் இல்லை. மணல் இல்லை. முள் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்றே தெரியவில்லை. வெளியூர் ஆட்கள் பேசுகிற குரல் பக்கத்தில் எங்கோ கேட்டது. அந்த இடத்திலேயே குந்திவிடலாம் என்று இருந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் நடந்த நடை கண்ணுக்குள் வந்தது. அண்ணனை அப்படி நினைத்துப் பார்த்தேன்.

ரயில் ஊதியது. என் முதுகுக்குப் பின்னால்.

இடது காது சத்தத்துக்கு நேராக வரும்வரை திரும்பினேன். எதிரே இருந்தது அரி பரப்பிய வரப்புதான். அதன்மேல் ஓடினேன். பாதத்துக்கடியில் மணிகள் நெரிந்து உதிர்வது ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. அந்த நேரத்தில் ஜீப்பைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன். பிறகு காலடியில் மணல் நறநறத்தது. கையில் முள் கீறியது. தென்னைத் தண்டில் எப்படிப் போனேன் என்று நினைவில்லை, உட்காரவில்லை.

தச்சர் வீட்டுக் கொல்லையில் அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணி... கோழி...” அவ்வளவுதான் வந்தது.

அண்ணன் வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. துண்டை எடுத்துத் தலையில் சுற்றினார். “நீ ரோட்டுப் பக்கம் போவாத, வந்த வழியே போ” என்று சொல்லிவிட்டு ஆற்றோரத் தாழம்புதருக்குள் நுழைந்தார். தச்சர் அண்ணனின் பாயைச் சுருட்டி மரத்தூளுக்குள் செருகினார்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். தாள் குத்திய ரத்தம் கணுக்கால்வரை புள்ளி புள்ளியாக இருந்தது. அறுத்த வயலில் நடக்காமல் அப்படிக் காயம் வராது. எங்கள் தெருவில் எவனும் அந்த வருஷம் அறுத்த வயலில் நடக்கவில்லை.

பொங்கலுக்குச் சுவர் பூச கொல்லையில் மண் கொட்டி வைத்திருந்தோம். அண்ணி அதில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார்.

“எறங்கு. மிதி.”

சேறு காயத்தில் பட்டதும் கண் இருட்டியது. மிதித்துக்கொண்டே இருந்தேன். தச்சர் வீட்டில் யாரும் கிடைக்காத கோபத்தோடு ஜீப் திரும்பி வந்தது. வந்தவர்களில் ஒருவர் கொல்லைக்கே வந்தார்.

“காலையில கோழியக் கூப்பிட்டியே, கோழி எங்கம்மா?”

“அதத்தாங்க நானும் தேடுறேன். நரி தூக்கிருச்சோ என்னமோ.”

அவர் என் பக்கம் திரும்பினார். “டேய், உங்கண்ணன் எங்கடா?”

நான் சேற்றையே பார்த்து மிதித்தேன்.

“அது அப்படித்தாங்க. சோறு வேணும்னாக்கூட கேக்காது.”

“வெளிய வாடா.”

வந்தேன். முழங்கால்வரை சேறு வழிந்தது. அவர் லத்தியின் நுனியால் என் முழங்காலைத் தட்டினார். சேறு வழிந்துகொண்டே இருந்தது. அதற்கடியில் காயம் தெரிந்துவிடுமோ என்று குனிந்து பார்க்கக்கூட எனக்குப் பயம். வேறொருவர் வாசலிலிருந்து கூப்பிட்டார். லத்தி வைத்திருந்தவர் போனார்.

ஜீப் போன பிறகும் நான் சேற்றில் இறங்கி மிதித்தேன். “போதும் தம்பி, போயிட்டாங்க” என்று அண்ணி சொன்னது காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை.

சாயங்காலம் சுவர் பூசும்போது அந்த மண்ணில் ஒரு நெல்மணி கிடைத்தது. அண்ணி அதைத் துடைத்துக் கண்ணில் ஒற்றி, மடியில் செருகிக்கொண்டார்.

மாசியில் அண்ணன் வக்கீலோடு கோர்ட்டில் நின்றார். நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் எங்கே இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த நாட்களில் விடியலில் எனக்கு மட்டும் விழிப்பு வந்துவிடும். ரயில் ஊதும்வரை கொல்லையில் உட்கார்ந்திருப்பேன். ஜீப் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல்.