நான் நடாத முளைக்குச்சி

நிலத்தில் நின்று அளக்காத எதையும் வரைபடத்தில் ஏற்றக்கூடாது என்பது விதி. ஊராட்சி ஒன்றியத்தில் காலம் தள்ளிய நான் அந்த விதியைத்தான் நம்பினேன்; பேய்க்கும் முனிக்கும் என் கோப்பில் இடம் கிடையாது. சிரிக்க நினைத்தால் சிரியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளின் கடைசி. குடிநீர்க் குழாய்களை எங்கே போடுவது என்று பார்க்க, பழைய கிராம வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை மதுரையில் நடந்தது. படத்தை மேசையில் விரித்து, கையடக்கக் கருவியைக் கோட்டின் மேல் நகர்த்தினால் திரையில் கோடு விழும். கடமலைக்குண்டுக்கு மேற்கே ஒரு குடியிருப்பு, படம் போட்ட பிறகு உண்டானது. படத்தில் இல்லாத ஊருக்கு அடிகுழாய் கிடையாது.

திரையில் அந்தக் குடியிருப்பு இருக்கவேண்டிய வெற்றிடத்தில் ஒரு புள்ளி தோன்றியது. ஆபரேட்டர் ஜெபராஜ் அழித்தார். மறுபடி வந்தது.

"சார், என் கை அந்தப் பக்கமே போகல. நீங்களே அழிங்க."

அழித்தேன். டீ குடித்துவிட்டு வந்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. விதிப்படி ஒன்று அழிக்க வேண்டும், இல்லையேல் அளக்க வேண்டும். மறுநாள் அளவுச் சங்கிலியோடு பஸ் ஏறினேன்.

அங்கே புதிதாக நட்ட முளைக்குச்சியைச் சுற்றிப் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்திருந்தார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் வரிசை! யார் நட்டது என்று கேட்டேன். குழாய் கேட்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்த பேச்சியம்மாள்தான் முன்னால் வந்தார்.

"நல்லா கேட்டீக போங்க. நேத்து நீங்கதான வந்து அளந்து நட்டீக? குழாய் வருது, இடம் பிடிச்சுக்கங்கன்னும் சொன்னீக."

"நேத்து நான் மதுரையில இருந்தேம்மா."

"அப்ப உங்க சட்டையப் போட்டுக்கிட்டு வந்தது யாரு, எங்க மாமனாரா? ஆத்தாடி, குழாய் இல்லேன்னு சொல்ல இப்படியொரு வழியா!"

குச்சியில் சிவப்புப் பெயிண்டில் அளவு எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது. சங்கிலி பிடித்துப் பார்த்தேன். திரையில் கண்ட இடத்திலிருந்து இம்மியும் பிசகவில்லை.

புள்ளியை ஏற்றி, குச்சி நட்ட தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதுரையில் இருந்த நாளில் அங்கே குச்சி நட்டது எப்படி என்று மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. "ஊர் அங்கே இருக்கிறது. புள்ளியை அழிக்கமாட்டேன்; முடிந்தால் நீங்கள் அழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதித் தபாலில் போட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தேனே தவிர, அந்த மேலிடத்து அலுவலகப் படியை மிதிக்கவே இல்லை.

மாதக்கணக்கில் சத்தமில்லை. பிறகு பதில்: "அலுவலர் நேரில் ஆஜராகி அளித்த விளக்கம் ஏற்கப்பட்டது. அடிகுழாய்க்கு அனுமதி."

நேரில் போனது யார் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். அந்தப் பதில் என் மேசைக்கு வந்தது ஆடிப்பெருக்கு அன்று.