சாவுச் செய்தி சொல்லத் தெரியாத தூதுவன்

அந்த வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்குக் கடைத்தெரு முழுக்க 'ஒண்ணுமில்லை' என்றுதான் பெயர். மோட்டார் எரிந்து கரிக்கட்டையாகக் கிடக்கும். மூடியைத் திறந்து பார்ப்பார். சொந்தக்காரியின் முகத்தைப் பார்ப்பார். "ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் களைச்சுப்போயிருக்கு" என்பார். கெட்ட செய்தியை நேருக்கு நேர் சொல்ல அவருக்கு நாக்கு எழாது.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டைத் திருடன் துடைத்துவிட்டுப் போன அன்று, வேலை முடிந்து வந்த அப்பாவை வாசலிலேயே நிறுத்தி, "அப்பா, வீடு இப்போ நல்லா விசாலமா இருக்கு" என்றவர். தங்கை பரீட்சையில் கோட்டை விட்டபோது, "அடுத்த வருஷம் புதுப் புஸ்தகம் வாங்கவே வேண்டாம்மா" என்று அம்மாவின் மனதைக் குளிரவைக்கப் பார்த்தவர். மனைவிக்கு இதெல்லாம் கல்யாணமான மறுமாதமே பிடிபட்டுவிட்டது. போனில் அவர் "ஒண்ணுமில்லை" என்று ஆரம்பித்தால், மீதியைக் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இப்படிப்பட்டவரைப் போய் மைத்துனன் தன் நாடகத்தில் தூதுவனாக்கினான்.

மைத்துனன் கல்லூரியில் சரித்திரம் நடத்துபவன், நாடகப் பித்து. ஈராயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய கிரேக்க சோக நாடகம் ஒன்றை இன்றைய ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதியிருந்தான். ராஜா கப்பல் கம்பெனி முதலாளியாகிவிட்டார். கடல் தெய்வத்தின் சாபம் வானிலை எச்சரிக்கையாகிவிட்டது. நடப்பதையெல்லாம் பார்த்து ஒரே குரலில் புலம்புகிற ஊர்ப் பெரியவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் அக்கம்பக்கத்தாராகி, கையில் காய்கறிப் பையோடு நின்றார்கள். தூதுவனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"ஒரே ஒரு காட்சி மாமா. கிரேக்க நாடகத்துல யாரும் மேடையில சாக மாட்டாங்க. எல்லா சாவும் வெளியிலதான். நீங்க ஓடி வந்து, பையன் கடல்ல போயிட்டான்னு அம்மாகிட்ட சொல்லணும்."

"செத்துத்தான் ஆகணுமா மாப்ளே? கால் உடைஞ்சா போதாதா?"

"மாமா, அது சோக நாடகம்!"

முதலாளியின் மனைவியாக நடித்தவர் ஒரு பல் டாக்டரம்மா. ஒத்திகைக்கு கிளினிக் கோட்டோடு வந்து, செல்போனைப் பார்த்தபடியே வசனம் பேசுவார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அதனால் வம்பில்லாமல் போயிற்று. மெக்கானிக்கும் ஒன்றரைப் பக்க வசனத்தைச் சுவரிடம் கடகடவென்று ஒப்பித்துவிட்டார்.

முதல் காட்சியன்று அரங்கம் நிறைந்திருந்தது. மெக்கானிக் மூச்சிரைக்க ஓடி வந்தார். கறுப்பு உடையில் நின்ற டாக்டரம்மா, கண்ணில் நீர் முட்ட, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுப்பா. கடலுக்குப் போன என் பிள்ளை எங்கே?"

இதை மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணுமில்லைங்கம்மா. தம்பி கொஞ்சம் நனைஞ்சுட்டாரு."

அக்கம்பக்கத்தார் இந்த இடத்தில் "ஐயோ!" என்று அலற வேண்டும். பாதிப் பேர் "ஐயோ" என்றார்கள். மீதிப் பேர் "அப்பாடா" என்றார்கள்.

டாக்டரம்மா பல்லைக் கடித்தார். "நனைஞ்சு? அப்புறம்?"

"துவட்டிக்கிட்டிருக்காங்க."

"உன் முகமே சொல்லுதே, அவன் உயிரோட இல்லைன்னு!"

"என் முகம் பொறந்ததுலேருந்தே இப்படித்தாங்கம்மா."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. திரைக்குப் பின்னால் மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் பிணத்தை அனுப்பிவைத்தான். துணி போர்த்திய மகன் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கினான்.

"அப்போ இது யாருப்பா?" என்றார் டாக்டரம்மா.

"தம்பிதான். அசதியில தூங்குறாரு. எழுப்பாதீங்க."

துணிக்கு அடியில் பிணத்தின் வயிறு குலுங்கியது.

"பாருங்க, மூச்சு வருது!" என்றார் மெக்கானிக், உண்மையான சந்தோஷத்தோடு.

டாக்டரம்மா ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். வசனமெல்லாம் காற்றில் போயாயிற்று. மெதுவாகக் கேட்டார்: "இந்த வீட்டுல ஒருத்தர்கூட என்கிட்ட உண்மையைச் சொல்ல மாட்டீங்களா?"

அது எழுதி வைத்த வசனம் இல்லை. மெக்கானிக்கும் தரையில் உட்கார்ந்தார். ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"அலை பெருசா வந்துச்சும்மா. கரையிலேருந்து கத்தினோம். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாரு. அப்புறம் காணோம்."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. அக்கம்பக்கத்தார் அலறவில்லை. யாரோ ஒருவர் மட்டும் காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

காட்சி முடிந்ததும் மைத்துனன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். "மாமா, ஜனங்களுக்கு இதுதான் புடிச்சிருக்கு! நாளைக்கும் இதே பொய்யைச் சொல்லுங்க. அப்புறமா உண்மையைச் சொல்லுங்க."

மறுநாள் மெக்கானிக் ஓடி வந்தார். வேண்டுமென்றே பொய் சொல்லியாக வேண்டும் என்ற பயத்தில் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள், "செத்துட்டாரும்மா!" என்று போட்டு உடைத்துவிட்டார். டாக்டரம்மாவுக்கு அழக்கூட அவகாசமில்லை. நாடகம் சீக்கிரமே முடிந்து, ஜனங்கள் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸையே பிடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மைத்துனன் அவரிடம் திரை இழுக்கும் கயிற்றைக் கொடுத்தான். மெக்கானிக் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். கயிற்றுக்கு எந்தச் செய்தியும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பிணம் அவரைத் தாண்டி மேடைக்குப் போகும்போது மட்டும் துணியின் ஓரத்தைத் தூக்கி, "தம்பி, தண்ணி ஏதாவது வேணுமா?" என்று கேட்டுக்கொண்டார்.